படகை ஓட்டியவர் குடித்திருந்தாரா

பதினைந்து வயதுப் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து, "நீ குடிப்பியா?" என்று கேட்டால் உண்மை வந்து கொட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் மாவட்ட அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். கேட்கிறவள் நான், பிள்ளைகள் 'மிஸி' என்று கூப்பிடுகிற நர்ஸ். ஆற்றங்கரைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில், ஒரு கை கழன்றுபோன எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை வறண்டு போயிருந்தது.

கவாய்த் திருநாள் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. அறுவடை முடிந்து, ஊரே ஒரே கூரையின் கீழே குடியிருக்கிற நீளவீடுகளில் ஜாடி ஜாடியாகத் துவாக் புளித்துக்கொண்டிருக்கும் நேரம். அந்த அரிசிக் கள்ளின் வாசனை வராத வீடு எங்கள் இபான் ஜனங்களிடம் கிடையாது. அன்றைக்குப் போய்ப் பிள்ளைகளின் மதுப் பழக்கத்தைப் பரிசோதிக்கச் சொல்லித் தேதி குறித்த புண்ணியவானை நான் பார்த்ததில்லை. பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

எங்கள் நீளவீட்டுப் பிள்ளைகளை வழக்கமாக நான் பரிசோதிப்பதில்லை. கூட வேலை செய்கிற சாண்ட்ரா பார்த்துக்கொள்வாள். அவள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள், மகராசி. ஆகவே எங்கள் நீளவீடான நங்கா பெலுவாயின் பிள்ளைகளும் என் தலையில்தான் விழுந்தார்கள். என் அண்ணன் மகள் எல்வினாவும் அவர்களில் ஒருத்தி.

"இந்த ரூமுல நான் மிஸி. அத்தையும் இல்ல, சித்தியும் இல்ல. நீ சொல்றது இந்தச் சுவரைத் தாண்டாது. உன் உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் மேல சொல்லுவேன். புரியுதா?" என்று ஒவ்வொருவரிடமும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன்.

ஜெரோம் என்று ஒரு வாயாடி வந்தான். "குடிச்சிருக்கியா?" என்றேன்.

"பேர் வைக்கிறப்பவே என் உதட்டுல தடவிட்டாங்க மிஸி. அதையும் சேத்துக்கணுமா?"

"உன் வாயையும் சேத்துக்கறேன். அதுக்கு அப்புறம்?"

"போன கவாய்ல மாமா ஊத்தினாரு. தொடாம இருந்தா புனி பிடிக்கும்ல மிஸி? அதான் தொட்டேன்."

"விரலால தொட்டியா, தொண்டையால தொட்டியா?"

அவன் பல்லைக் காட்டினான். கொடுத்ததைத் தொடாமல் எழுந்து போனால் புனி பிடிக்கும், வழியில் பாம்போ முதலையோ காத்திருக்கும் என்பது எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்து இருக்கிற பயம். குடிக்க வேண்டுமென்றில்லை. ஒரு விரலை நனைத்து உதட்டில் வைத்தாலே புனி விலகிவிடும். ஆனால் விரலோடு நிறுத்திக்கொண்ட ஆம்பிளையை இந்த ஆற்றில் நான் பார்த்ததில்லை.

அவன் முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு சிராய்ப்பு இன்னும் ஆறாமல் இருந்தது. மருந்து போட்டுக்கொண்டே, எப்படி என்று கேட்டேன். "ஃபுட்பால்" என்றான், கண்ணைப் பார்க்காமல். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டேன். இங்கே சாலை கிடையாது என்பதால் வண்டி என்ற இடத்தில் படகு என்று நானே மாற்றிக்கொண்ட கேள்வி அது. "நீ போன படகை ஓட்டினவர் எப்பவாவது குடிச்சிருந்தாரா?"

"இல்ல மிஸி. எங்க படகை ஓட்டுறவங்க குடிக்கிறதில்ல."

அவனுக்குப் பின்னால் வந்த எங்கள் நீளவீட்டுப் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். அதே சொற்கள், அதே வேகம். காலைப் பிரார்த்தனையில்கூட இவ்வளவு ஒற்றுமையாக இவர்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் அந்தப் படகை ஓட்டுகிறவன் என் அண்ணன் மங்காட். எங்கள் நீளவீட்டு விடுதிப் பிள்ளைகளை வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருகிற பள்ளிக்கூடத்துப் படகுக் குத்தகை அவனுடையது. மத்தியானம் அவன் என் வீட்டில்தான் இருந்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு நான் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அண்ணி இறக்கிய புதுத் துவாக் ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தான். "ரினாய், இந்த வருஷம் உங்க அண்ணி கைப்பக்குவம் எப்படின்னு நீதான் சொல்லணும்" என்றான். வீட்டுக்கு வந்த அண்ணனுக்கு, அதுவும் அவன் கொண்டுவந்த ஜாடியிலிருந்து, ஊற்றாமல் அனுப்புகிற தங்கச்சி எங்களிடம் கிடையாது. ஊற்றினேன். நான் விரலை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டேன். அவன் குடித்தான். இன்னொன்று ஊற்றினேன். மூன்றாவதும் ஊற்றினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் எவ்வளவு குடித்தாலும் நேராக நடப்பான், நேராகப் பேசுவான். அவனுக்கு அது தண்ணீர் மாதிரி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

கடைசியாக எல்வினா வந்தாள். மெலிந்த பிள்ளை, அண்ணனைப் போலவே நெற்றி. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்ந்து கெட்டியாக இருந்தது. நடுவில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"என்னடி இது?"

"விடுதியில துணி துவைச்சது மிஸி."

"துணி துவைச்சா இந்த இடத்துலயா காய்க்கும்?"

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். கேள்விகளுக்கு வந்தேன். குடிப்பதில்லை. குடிக்கிற தோழிகள் இல்லை. தூக்கம் மட்டும் சரியாக வருவதில்லை என்றாள். கடைசிக் கேள்விக்கு, "ஓட்டுறவங்க குடிக்கிறதில்ல மிஸி" என்று அவளும் ஒப்பித்தாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "யாருகிட்டடி கதை விடுறே? உங்க அப்பன் பச்சத் தண்ணி மட்டும்தான் குடிக்கிறானா?"

அவள் சன்னலைப் பார்த்தாள். இரண்டு நாளாக மேலே மலையில் மழை. ஆறு காப்பி நிறத்தில் பொங்கி, படித்துறையின் கீழ்ப்படிகளை விழுங்கியிருந்தது. வேரோடு பிடுங்கின ஒரு மரம் சுழன்றுகொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸிகிட்ட சொன்னா மேல சொல்லிடுவீங்க. ஆபத்துன்னா சொல்லுவேன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. சட்டம் அது."

"அப்ப மிஸிகிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல." என் பக்கம் திரும்பினாள். "அத்தைகிட்ட சொல்லலாமா?"

பேனாவைக் கீழே வைத்தேன். "சொல்லு" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அப்பாகிட்டகூட. எங்க தாத்தா மேல பண்ணுங்க."

புத்தியுள்ளவள் கேட்டுவிட்டுச் சத்தியம் செய்வாள். நான் செய்துவிட்டுக் கேட்டேன்.

"ஓட்டுறது அப்பா இல்ல அத்தை. நான்தான்."

ஒரு நிமிடம் எனக்கு அவள் சொன்னது புரியவேயில்லை. அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். படித்துறையில் அப்பாதான் எஞ்சினைக் கிளப்புவார். முதல் வளைவு தாண்டினதும், பள்ளிக்கூடம் கண்ணுக்கு மறைந்ததும், "பிடிம்மா" என்று அவளிடம் கொடுத்துவிட்டு நடுப்பலகையில் உட்கார்ந்து தொப்பியை முகத்தில் இழுத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடுவார். பிறகு உலுக்கினாலும் எழுந்திருக்கமாட்டார். போன மழைக்காலத்திலிருந்து இப்படித்தான். இப்போதெல்லாம் சில நாள் எஞ்சினைக் கிளப்புவதுகூட அவள்தான், யாரும் பார்க்கவில்லையென்றால்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும். சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். சொன்னா குத்தகை போயிடும். அப்பாவுக்கு மரக்கம்பெனி வேலையும் போயிடுச்சுல்ல. எங்க வீட்டுல வேற என்ன இருக்கு?"

படகு விஷயத்தில் அந்தப் பிள்ளைகள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஓட்டுகிறவள் குடிப்பதில்லை. நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில்தான் அது.

"போன வாரம் பாறையில உரசிருச்சு. ஜெரோம் தண்ணியில விழுந்துட்டான். முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டோம். அப்பாவுக்கு அதுவும் தெரியாது." அவள் குரல் உடைந்தது. "தண்ணி கம்மியா இருந்தா எனக்குப் பாறை எங்க இருக்குன்னு தெரியும் அத்தை. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் மூழ்கிக் கிடக்கு. என்னால முடியாது."

"நீ போகவேண்டாம். நான் இப்பவே எறங்கிப்போய் அவனைக் கிழிக்கிறேன்."

"ஐயோ வேண்டாம்! சத்தியம் பண்ணீங்க! நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அப்பா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டாரு. வீட்டுல எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க, அப்பன் வாயில மண்ணைப் போட்டவள்னு."

"அப்ப என்னதான்டி செய்யச் சொல்றே?"

"தெரியல." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தருக்குத் தெரியட்டும்னு சொன்னேன்."

மணி அடித்தது. அவள் எழுந்து, கதவருகே போய், "தேங்க்யூ மிஸி" என்று எல்லோரையும்போல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்துக்குள்ளேயே நடந்தேன். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி விடுதியிலேயே நிறுத்திவைக்கலாமா? நிறுத்தினால் மற்றப் பிள்ளைகள் தூங்குகிறவனை நம்பிப் போவார்கள். படகைப் பிடிக்க ஆளே இருக்காது. அவளை அனுப்பினால் அந்த வெள்ளத்தில் அந்தச் சின்னக் கையை நம்பிப் போவார்கள். வாயைத் திறந்தால் சத்தியம் போகும், பிள்ளை என்னை மன்னிக்கமாட்டாள். உயிருக்கு முன்னால் சத்தியம் என்ன பெரிய சத்தியம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஒரே கூரையின் கீழே ஒரே தாழ்வாரத்தில் வரிசையாகக் கதவு வைத்து வாழ்கிற வீட்டில், தகப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு அவள் எந்தக் கதவைத் திறந்து வெளியே வருவாள்? ஓடிப்போகக்கூட ஆறு ஒன்றுதான் வழி. அந்த ஆற்றிலும் அவள் அப்பனின் படகுதான்.

சன்னல் வழியே படித்துறை தெரிந்தது. அண்ணன் விடுதி வார்டன் கிலாட்டோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றான். மற்ற நீளவீட்டுப் படகுகள் போய்விட்டிருந்தன. பிள்ளைகள் மூட்டையும் வாளியுமாக ஏற ஆரம்பித்தார்கள். அண்ணன் படகின் விளிம்பில் கால் வைத்து ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி உள்ளே விட்டான். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நான் ஊற்றினது அவன் உடம்பில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றே தெரியவில்லை.

நான் ஊற்றினது.

நான் ஓடினேன். படியிறங்கும்போது ஒரு செருப்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். அந்தக் கூடத்துக்குள் காதால் கேட்டதை நான் வெளியே சொல்லக்கூடாது. என் வீட்டு வாசலில் என் கையால் செய்ததைச் சொல்ல எவன் தடுப்பான்?

"சார், படகை விடாதீங்க!"

வார்டன் திரும்பினார். "என்ன மிஸி, யாராவது ஊசி போடாம ஓடிட்டாங்களா?"

"படகுக்காரர் குடிச்சிருக்காரு. புள்ளைங்களை அனுப்பாதீங்க."

அண்ணனின் சிரிப்பு நின்றது. முதலில் என்னைப் பார்த்தான், பிறகு படகைப் பார்த்தான். "யாரு சொன்னா?"

படகில் ஒருவரும் அசையவில்லை. ஜெரோம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்வினா பின்பக்கத்தில், எஞ்சினுக்கு அருகில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு சொன்னான்னு கேட்டேன்!"

"யாரு சொல்லணும்? மத்தியானம் நான்தானே ஊத்தினேன்? ஒண்ணு இல்ல, மூணு கிளாஸ். எனக்குச் சாட்சி வேற வேணுமா?"

வார்டன் தலையைச் சொறிந்தார். "கவாய் நேரம் மிஸி. ரெண்டு கிளாஸ் குடிக்காதவன் யாரு? மங்காட் இந்த ஆத்துலயே பொறந்தவன்..."

"நல்லாருக்கே ஞாயம்!" என்றான் அண்ணன். "ஊத்துறதும் இவ, ஊரைக் கூட்டுறதும் இவ. ஏன் ரினாய், ஊத்தும்போது வாய் எங்க போச்சு? அப்பவே சொல்லியிருந்தா விரலை வச்சிட்டு எந்திரிச்சிருப்பேன்ல?"

அது சரிதான். படகிலிருந்து பிள்ளைகள் கெஞ்ச ஆரம்பித்தார்கள். "மிஸி, ப்ளீஸ் மிஸி, எல்லாரும் போயிட்டாங்க மிஸி." விடுதிச் சமையல்காரிகூட, "புள்ளைங்க கவாய்க்குப் போகாம இங்க கருவாட்டையா தின்னும்?" என்று என்னை முறைத்தாள். எல்லோர் கண்ணிலும் நான் பேயாகத் தெரிந்தேன். தெரிந்தால் தெரியட்டும்.

"சார், நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க அனுப்பினா நான் இப்பவே மாவட்ட ஆபீசுக்குப் போன் பண்ணுவேன். குடிக்கிறியான்னு புள்ளைங்களைக் கேக்கப்போன நர்ஸே படகுக்காரருக்கு ஊத்திக்குடுத்தா, வார்டனுக்குத் தெரிஞ்சும் அனுப்பினாருன்னு சொல்லுவேன். என் வேலை போகும். தனியாப் போகாது, உங்களையும் கூட்டிட்டுத்தான் போகும்."

வார்டனின் முகம் மாறியது. ஒரு பெருமூச்சு விட்டு, "எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க" என்றார். பிள்ளைகள் முனகிக்கொண்டு, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சின்னப் பெண் அழுதாள். எல்வினா கடைசியாக இறங்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் நாடி என் விரலில் துடித்தது.

"நல்லது" என்றான் அண்ணன். அவ்வளவு அமைதியாக அவன் பேசினால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். "எனக்கு வீட்டுல கவாய் இருக்கு. நான் தனியாப் போறேன். என் படகு, என் ஆறு. எவ தடுக்கிறான்னு பாக்கறேன்."

"அண்ணா, வேண்டாம். தண்ணியப் பாரு."

"நீ பேசாத. உன் வீட்டு வாசப்படிய இனி நான் மிதிக்கமாட்டேன்."

கட்டுக்கயிற்றை அவிழ்த்து நுனியை வார்டனிடம் எறிந்தான், சொன்னதும் விடச்சொல்லி. படகில் ஏறினான். சின்ன ஆட்டம்கூட இல்லாமல், கோபத்தில் நிமிர்ந்த முதுகோடு நடந்தான். நடுப்பலகைக்கு வந்தான். உட்கார்ந்தான். எஞ்சினுக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

படித்துறையில் பேச்சு நின்றது. படகின் பக்கப் பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபத்தில் போகிறவன் ஏன் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று வார்டன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

தொப்பிக்குக் கீழேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. மகளிடம் வீட்டில் பேசுகிற சாதாரணக் குரல்.

"எடும்மா, எல்வினா. மழை வர்றதுக்குள்ள போயிடலாம்."

என் பிடியில் அவள் கை விறைத்தது. சமையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். வார்டனின் பார்வை எஞ்சினுக்குப் போனது, அங்கிருந்து பிள்ளைகளுக்கு, பிறகு எல்வினாவின் கைக்கு. பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கையிலிருந்த கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

எஞ்சின் கிளம்பவில்லை. அண்ணன் தொப்பியை மெல்ல உயர்த்தித் திரும்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வெறும் இடத்தை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படித்துறையைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். என் அண்ணன் முகத்தை அதற்குமுன் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எழுந்திருக்கவும் தெரியாமல், உட்கார்ந்திருக்கவும் தெரியாமல், இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தான்.

"விடுங்க அத்தை" என்று எல்வினா முனகினாள். அழுதுகொண்டே கையை இழுத்தாள். "அப்பா தனியா இருக்காரு. விடுங்க."

நான் விடவில்லை.